மொட்டை மாடியிலிருந்து ஒரு ‘போடுங்கடி’

இன்று காலை விவேக் நகரில் நம் தெரு முழுக்கக் கரண்டு போனது. எதிர்க்கடை ஜெராக்ஸ் மெஷின் நின்றது, மேல்வீட்டு டிவி நின்றது. நம் மாவுக் கொட்டகையில் கிரைண்டர் மட்டும் உளுந்து வாசனையோடு சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாத்தியா?” என்று உன் பக்கம் திரும்பிவிட்டேன். நீ உட்காரும் ஸ்டூலில் அரிசி டப்பாவை வைத்திருக்கிறார்கள்.

மழைக்கு முன்னால் போனவள் நீ. இப்போது மழையே முடியப் போகிறது. ஆனாலும் என் மண்டைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. அன்று காலை என்னோடு டீ குடித்தாய். “மத்தியானம் வந்து மாவு வழிக்கிறேன், நீ இடுப்ப ஒடிச்சுக்காத” என்று சொல்லிவிட்டுப் போனாய். மத்தியானம் உன் மகன் போன் செய்தான். பெற்ற தாயைப் பறிகொடுத்தவனைப் பிடித்து, “காலைலதான்டா பேசினோம், என்ன பேச்சு பேசற?” என்று திட்டினேன்.

தெருக் குழுக்கள் சோலார் வைக்க ஓர் அறக்கட்டளை சின்ன மானியம் கொடுக்கிறது என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தவள் நீதான். அதுவரை கரண்டு போனால் பாதி அரைத்த மாவு கல்லிலேயே புளிக்கும்; இட்லிக்குக் காத்திருக்கும் வீடுகள் நம்மைத் திட்டும். நமக்கெல்லாம் யார் கொடுப்பார்கள் என்று நாங்கள் சிரித்தோம். நீ விடவில்லை. முதலில் பேனல் வந்தது. அவர்கள் நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால் பேட்டரியும் வரும் என்றார்கள். பேட்டரி இல்லாவிட்டால் ஒரு மேகம் போதும், கிரைண்டர் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

போன வருஷ ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் எல்லோரும் மாடி ஏறி, ஒவ்வொரு பேனலுக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையையும் குறுக்கே போட்டுவிட்டு வந்தோம். பட்டப்பகலில் கிரைண்டர் படுத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று நாங்கள் கலங்கி நின்றபோது, கோயிலில் பூசை முடிந்து வந்த நீ மேலே போய்ப் பார்த்தாய். சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “கும்புட்டுட்டு அது கண்ணையே மூடிட்டீங்களேடி, பாவம்” என்றாய். உன் பழைய நூல் புடவையைக் கிழித்து நீயே துடைத்தாய். அன்றிலிருந்து அது உன் வேலை. காலையில் துடைத்து முடித்து, கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து “போடுங்கடி” என்று குரல் கொடுப்பாய். அதற்குப் பிறகுதான் கீழே சுவிட்சைப் போடுவோம்.

நீ போன மறு மாதம் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கன்னடக்காரி, தமிழும் பேசினாள். வந்ததும் உன்னைத்தான் கேட்டாள். நம் கொட்டகைச் செல்வி கொஞ்சமும் தயங்காமல், “அக்கா ஊருக்குப் போயிருக்காங்க மேடம்” என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மானியம் உன் பேரில் வந்தது. நீ இல்லை என்றால் பேட்டரியும் இல்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள்.

நான் ஆடிப்போனேன். பொய் சொன்னதற்காக இல்லை. ஒரு கணம் நான் அதை நம்பினேன். எனக்குச் சொல்லாமல் எந்த ஊருக்குப் போனாள் என்று உன்மேல் கோபம்கூட வந்தது.

“எப்ப வருவாங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“வர மாட்டா. செத்துட்டா” என்றேன்.

அதுவரை அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. தவறிட்டா என்பேன், இல்லை என்பேன். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேட்டரி போயிற்று, நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் கையிலிருந்த பைலை மூடினாள். பிறகு, “ஆள் மாறினா பேர் மாத்திக்கலாம்மா. இதுக்குப் போயா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. “பேனலைப் பார்க்கலாமா? இப்ப யாரு துடைக்கிறாங்க?”

நீ போன பிறகு ஒருத்தியும் மாடி ஏறியிருக்கவில்லை. நான் முதலில் போனேன். மழை இன்னும் தொடங்கவில்லை; பேனல்மேல் புழுதி படிந்து கிடந்தது. உன் புடவைத் துணி கொடியில் விறைத்துத் தொங்கியது, ஓரத்தில் அந்தக் குங்குமக் கறையோடு. அதை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். முடித்ததும் எட்டிப் பார்த்து, பழக்கதோஷம்தான், “போடுங்கடி” என்றேன்.

கீழே யாரும் சுவிட்சைப் போடவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பேட்டரி வந்துவிட்டது. இன்று மேகம் மூடியிருந்தும் ஓடியது அதில்தான். இப்போது தினமும் துணியை எடுத்துக்கொண்டு நான்தான் மாடி ஏறுகிறேன். குரல் கொடுத்ததும் கிரைண்டர் ஓடுகிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கும் யாராவது ஒருத்தி வெளியே வந்து, யார் கூப்பிட்டது என்று ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.