குழந்தையைப் பிடித்திருந்த கைகள்

ஜூலை 6

அன்புள்ள ஸ்டூடியோவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பார்சல் முழுசாக வந்து சேர்ந்தது. அதிசயமாக இந்தத் தடவை யாரும் அதன்மேல் ஏறி உட்காரவில்லை.

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு வேலையைப் பேசலாம். ஓய்வு பெறப்போகும் அந்த வழுக்கைத் தலைக்காரரை நெற்றிக்கு நேரே விளக்கைப் போட்டு எடுத்திருக்கிறாயே, முப்பது வருட அனுபவம் என்று இனிமேல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. படத்தில் எது வெளுப்போ அங்கேதான் நான் கண்ணாடிமேல் காற்றுக் குழாயால் மணலை அடிக்க வேண்டும். அடித்த இடம் பனி படிந்த மாதிரி வெளுக்கும், அடிக்காத இடம் வெறும் கண்ணாடியாகவே நிற்கும். உன் மனிதருக்கு அப்படியே அடித்தால் கண்ணாடியில் முட்டைதான் வரும். இத்தனை வருடம் உழைத்தவர் கையில் முட்டையைக் கொடுத்தா வீட்டுக்கு அனுப்புவது? ஒரு முழு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவருக்கு நெற்றிச் சுருக்கம் வரைந்தேன். இப்போது மனிதராகத் தெரிகிறார்.

அந்தக் குழந்தை படம். முதல் பிறந்தநாள், தடித்த கண்ணாடி, மேசைமேல் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். குழந்தை அம்சமாக இருக்கிறது. இருப்பது இரண்டே பல், அதையும் உலகத்துக்கே காட்டுகிறது. ஆனால் மடியில் நிற்கவைத்து இடுப்பைப் பிடித்திருப்பவரை நீ ஆளோடு வெட்டிவிட்டாயே! இரண்டு கைகள் மட்டும் மிச்சம். பார்த்தால் பயமாக இருக்கிறது. முழுப் படத்தையும் அனுப்பு. அம்மா என்றால் அம்மாவையும் சேர்த்தே செய்துவிடுகிறேன், அதற்காகத் தனியாக ஒன்றும் கேட்க மாட்டேன்.

கம்ப்ரெசர் சத்தத்தில் காது இன்னும் மந்தமாகிவிட்டது. போன் போடாதே. "ஆங்? ஆங்?" என்று கத்திக் கத்தி பக்கத்துக் கடைக்காரர் முன்னால் மானம் போகிறது. எழுது. மற்றபடி சமையல் நானே. குறை சொல்ல ஆளில்லாததால் வரவர நன்றாகச் சமைப்பதாக ஒரு நினைப்பு.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜூலை 10

அன்புள்ள கண்ணாடிக்கு,

திட்டு கிடைத்தது. முட்டை விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அவள் வழக்கம்போல் உன் கட்சி.

குழந்தை படம் அவ்வளவுதான் இருக்கிறது. முழுப் படம் தவறிப்போய் அழிந்துவிட்டது. அவர்களும் குழந்தை மட்டும் போதும் என்றுதான் சொன்னார்கள். கைகள் இருக்கிறபடி இருக்கட்டும். பெரிதாக்கிப் பார்த்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்காதே, உனக்கும் வயதாகிறது, கண் கெட்டுவிடும். இருபத்தெட்டாம் தேதி பிறந்தநாள். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

முகமூடி போட்டுக்கொண்டு மணல் அடி. காது போனது போதும், நுரையீரலாவது மிஞ்சட்டும்.

அன்புடன்,
ஸ்டூடியோ


ஜூலை 14

ஸ்டூடியோவுக்கு,

பெரிதாக்கிப் பார்க்காதே என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன். முப்பது வருடத்தில் ஒருநாளாவது என் கண்ணைப் பற்றி நீ கவலைப்பட்டிருக்கிறாயா?

பிடித்திருக்கும் கையில் ஆள்காட்டி விரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. பார்த்ததும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டேன். ஆனால் அது வலது கை. விட்டுப் போன என் மகளுக்கு நகம் பிளந்தது இடது கையில். அப்பாடா என்று எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகுதான் உறைத்தது. கண்ணாடியின் பின்பக்கம் மணல் அடிப்பதால் எந்தப் படத்தையும் முதலிலேயே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவேன் இல்லையா? இதையும் திருப்பிப் போட்டிருந்தேன். மறுபடி திருப்பினேன். இடது கைதான்.

அந்த நகத்தை எனக்குத் தெரியாதா? மணல் அடிக்கும் பெட்டியின் ரப்பர் கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் கையை விட்டாள். அப்போது பதினைந்து வயது. நான்தான் துணி சுற்றி, தூக்கிக்கொண்டு ஓடினேன். உலகத்தில் நகம் பிளந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சுண்டுவிரலும் அவள் அம்மாவைப் போலவே உள்பக்கம் வளைந்திருக்குமா?

ஆக, அந்த இரண்டு பல் என் பேத்தி. தாத்தாவுக்கு வந்த செய்தி, அளவும் கடைசித் தேதியும் போட்ட ஒரு ஆர்டர்.

எத்தனை நாளாகத் தெரியும் உனக்கு? என் வீட்டில் உட்கார்ந்து, என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, "அவளைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதாடா?" என்று என்னையே கேட்டாயே, அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாய்? விலாசத்தை அனுப்பு. வேறு ஒரு வார்த்தையும் உன்னிடமிருந்து வேண்டாம்.

கண்ணாடிக்காரன்


ஜூலை 18

அன்புள்ள கண்ணாடிக்கு,

இரண்டு வருடமாகத் தெரியும். கல்யாணம் முடிந்து இந்த ஊருக்கே குடிவந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வந்தவள் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மாமா, அப்பதான் இனிமே வருவேன்" என்றாள். பண்ணினேன். உன்னைக் கேட்டதெல்லாம் நடிப்புதான். ஒத்துக்கொள்கிறேன், திட்டிக்கொள்.

ஆனால் நீயும் ஒன்றை ஒத்துக்கொள். கடையை விட்டுப் போய் அந்தப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். கடைக் கதவில் நீ முதன்முதலாகச் செய்த கண்ணாடி, நீயும் மறைந்த உன் மனைவியும் நடுவில் பத்து வயதில் அவளும் இருக்கும் படம். கதவைக் கழற்றிப் போட்டு, அவள் பெட்டியோடு நின்று பார்க்கப் பார்க்க, அவள் முகத்தின்மேல் மணலை அடித்தாய். நான் குழாயைப் பிடுங்குவதற்குள் முகம் போய் வெள்ளைத் திட்டாகிவிட்டது. கெஞ்சியிருந்தால்கூட நின்றிருப்பாளோ என்னவோ. மகள் போகிறாள் என்று கோபமா, கடையில் கம்ப்யூட்டரில் படத்தைச் சுத்தம் செய்ய ஆளில்லை என்று கோபமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை.

இப்போது கேள். இந்தக் கண்ணாடியை யாரிடம் செய்யலாம் என்று பேசும்போது அவளே சொன்னாள்: "அப்பாதான் செய்யணும். ஆனா யாருக்குன்னு அவருக்குத் தெரியக் கூடாது." முகத்தை வெட்டச் சொன்னதும் அவள்தான், கைகளை விட்டுவைக்கச் சொன்னதும் அவள்தான். நகத்தை அவள் மறந்துவிட்டாளா, மறக்கவில்லையா என்று நீயே யோசி.

வேலையை நன்றாகச் செய்து அனுப்பு. பிறந்தநாள் அன்று கண்ணாடி மேசையில் இருக்கும்போது நான் பேச்சை எடுக்கிறேன். பாதி கரைந்துவிட்டாள், எனக்குத் தெரிகிறது. பத்து நாள் பொறு. உன் கோபத்தைக் கொண்டு இதில் ஏதாவது செய்துவைக்காதே, உன் காலில் விழுகிறேன்.

உன்,
ஸ்டூடியோ


ஜூலை 22

ஸ்டூடியோவுக்கு,

ஆர்டர் இத்துடன் வருகிறது.

குழந்தை மட்டும் போதும் என்று எழுதியிருந்தாய். அதன்படியே செய்திருக்கிறேன். கைகளை எடுத்துவிட்டேன். அந்த இடத்தை மூடிவிட்டு மணல் அடித்தால் வெறும் கண்ணாடியாக நின்றுவிடும், பெரிய வித்தை ஒன்றுமில்லை. இடுப்புப் பக்கம் கவுனின் மடிப்புகளை மட்டும் நானே வரைந்து சேர்த்தேன். ஒட்டுப்போட்டது தெரியாது.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு என் வேலை மட்டும் எதற்கு என்று கேட்டால் பதில் இருக்கிறதா உன்னிடம்? வாடிக்கையாளருக்கு என் நன்றியைச் சொல்.

கண்ணாடிக்காரன்


ஜூலை 23

அன்புள்ள ஸ்டூடியோவுக்கு,

முதல் பெட்டியைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் அவளிடம் காட்டாதே. நேற்று பார்சலைக் கொடுத்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தவன் ஒரு வாய்கூட வைக்க முடியாமல் எழுந்துவிட்டேன். திரும்பி ஓடினேன், வண்டி போய்விட்டது. இன்று காலை பக்கத்துக் கடைக்காரரை விட்டு உனக்குப் போன் போடச் சொன்னேன். நாலு தடவை அடித்தாராம், நீ எடுக்கவில்லை.

அதனால் உடனே இன்னொன்று செய்ய உட்கார்ந்தேன். இதோ அனுப்பியிருக்கிறேன். இதில் கைகள் இருக்கின்றன. குழந்தையின் முகத்துக்கு ஆன நேரத்தைவிட அந்த ஒரு நகத்துக்கு அதிக நேரம் ஆயிற்று. பிளவு மயிரிழை அகலம்தான், கொஞ்சம் கூட அடித்தால் மூடிக்கொண்டுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். இதுவரை நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான்.

கதவுக் கண்ணாடியைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் நிஜம். அவள் இல்லாமல் கடை நடக்காது என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். அவள் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த அப்பனுக்கு வந்தது? இப்போது எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்டு. விலாசம்கூட வேண்டாம். குழந்தையை ஒருதரம் தூரத்தில் நின்று பார்த்தால் போதும் என்று சொல்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜூலை 30

அன்புள்ள கண்ணாடிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பெட்டி வந்தபோது நான் உள்ளே ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது கேட்கவில்லை. அவள் குழந்தையோடு வந்திருக்கிறாள். மூலைக்கு மூலை நீ அட்டை மடித்துவைக்கும் விதம் அவளுக்குத் தெரியாதா? நின்ற இடத்திலேயே பிரித்துவிட்டாள். நான் வெளியே வந்தபோது கண்ணாடியைக் கறுப்புத் துணிமேல் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு இன்னும் தனியா நிக்க வராதே மாமா" என்றாள். பிறகு, "அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "தெரிஞ்சுதான் என்னை ரெண்டாவது தடவையும் அழிச்சிருக்காரு." அழவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் உன் இரண்டாவது பெட்டி வந்தது. பார்த்துவிட்டு நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். வெகுநேரம் பார்த்தாள். நகத்தின்மேல் நகத்தை வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேனடா.

"இது நீங்க சொல்லிச் செஞ்சதுதானே மாமா?" என்றாள்.

இல்லை, தானாகவே செய்தார் என்றேன். என் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்து மடித்துத் திருப்பித் தந்தாள். "இதையும் நீங்கதான் எழுதச் சொல்லியிருப்பீங்க. எங்கப்பா வாயில இப்படியெல்லாம் வராது. எனக்காக ரெண்டு வருஷமா அப்பாகிட்ட எவ்வளவு அழகா பொய் சொன்னீங்க, நான் பார்க்கலயா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நன்றி சொல்வதுபோலச் சொன்னாள். நிஜம் பேசின ஒரே நாளில் என்னை நம்ப ஆளில்லை.

உன் இரண்டாவது கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. விலாசத்தைத் தர வேண்டாம் என்கிறாள். தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, அல்லது கோபித்துக்கொள்.

இருபத்தெட்டாம் தேதி போயிருந்தேன். பேச்சை எடுக்கவில்லை. எதை எடுப்பது? மேசைமேல் முதல் கண்ணாடிதான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். குழந்தை எவ்வளவு அழகாக நிற்கிறது என்றார்கள். யார் செய்தது என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"ஒரு கடையில குடுத்துச் செஞ்சது" என்றாள் உன் மகள்.

ஸ்டூடியோ