மயிலாளுக்காகக் கேட்ட கேள்வி

ராயபுரம், திருப்பூர்
19-8-68

அன்பு மகன் கந்தப்பனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் தங்கையும் சுகம், பம்பாயில் நீயும் மருமகள் சாரதாமணியும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. முதலாளியைச் சபையில் அவமானப்படுத்திவிட்டேனாம், போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். உன் மாமன் எழுதியதை அப்படியே நம்பினாய், என்ன நடந்தது என்று பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கம்பெனியில் என்னோடு பனியன் மடிக்கிற மயிலாளுக்கு இது தலைப்பிரசவம், ஏழு மாதம். இடுப்பு வலி தாங்காமல் மூட்டைமேல் சற்று உட்கார்ந்தாள். அதைப் பார்த்த முதலாளி ஞானசம்பந்தம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பிரசவத்துக்கு லீவு தரச் சட்டம் இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, அப்படியானால் கோர்ட்டுக்குப் போ என்றாராம். மறு வாரம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் காலமானார். இங்கே நடந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை யார் தெரியுமா, அதே ஞானசம்பந்தம். மேடையில் ஆறு ஆண்கள், இடம் நிறையட்டும் என்று எங்களைக் கூட்டிப்போய்க் கீழே உட்கார வைத்தார்கள். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் கொடுமையை ஒழிக்கச் சட்டசபையில் ஒற்றைப் பெண்ணாக நின்று வாதாடிய அந்த அம்மாளின் படத்துக்கு இவர் மாலை போட்டு, பெண்களைத் தெய்வமாக மதிக்க வேண்டும் என்று பேசினார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். "ஏனுங்க, ஏழு மாசப் புள்ளத்தாச்சியைத் தொரத்தி உட்டுப்போட்டு அந்தம்மா படத்துக்கு மாலை போடறீங்களே, கை கூசலீங்களா?" கேட்டது இவ்வளவுதான். இதில் எங்கே மரியாதை குறைந்தது, நீயே சொல்.

மறுநாள் என்னையும் கம்பெனி கேட்டில் தடுத்துவிட்டார்கள். இதற்குப் பிறகு நடந்ததை உன் மாமன் எழுதியிருக்கமாட்டான். எங்களோடு மடிக்கிற ராமாத்தாள் உள்ளே போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள், அப்புறம் ஒவ்வொருத்தியாக மடிக்கிற பெண்கள் முப்பது பேரும் நின்றுவிட்டார்கள். மடிக்க ஆளில்லாமல் பனியன் குவிந்து, லாரி வெறுமனே திரும்பிப் போனது. நான்காம் நாள் முதலாளியே இறங்கி வந்து, மயிலாளுக்குப் பிரசவ லீவும் திரும்பி வந்தால் அதே வேலையும் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மற்றவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி வேறு கம்பெனி தேடிக்கொள்வேன், மன்னிப்புக் கேட்கமாட்டேன். தங்கைக்கு வரன் வராது என்று பயந்து எழுதியிருந்தாய், அதற்காக வராத மாப்பிள்ளை தனக்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. டைப்பிங் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சாரதாமணியை நீ நிறுத்திவிட்டதாக அவள் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை முதல் அனுப்பு. இல்லாவிட்டால் ரயிலேறி வந்து நானே அவளை வகுப்பில் கொண்டுபோய் விடுவேன். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, கோபம் ஆறிய பிறகு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற செல்லாத்தாள்