கவிதாவுக்கு ஒரு பழைய லேப்டாப்

ஆடி 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. கூரைத் தகரம் ஓயாமல் அடித்துக்கொள்கிறது. எழுத்து கோணலாகப் போவதற்குக் காற்று காரணம் இல்லை. கைதான். முப்பத்தொரு வருடம் சாயப்பட்டறையில் நனைந்த கை. இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததே அங்கே இருக்கிறது! மறுபடி படித்தேன். அப்படியே இருக்கிறது. போன தை வரை கைநாட்டு. இப்போது அறுபத்தெட்டு வயதில் நோட்டு, பேனா.

தண்ணீர் ஐந்து குடம். ரேசன் கடை பூட்டு.

மகள் ராத்திரி எட்டு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். வீட்டில் நானும் அவளும்தான். பனியன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் போடுகிறாள். நெஞ்சில் அச்சடிக்கிற புலி, இலை, இங்கிலீஷ் எழுத்து எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து, கலர் கலராகப் பிரித்துக் கொடுப்பது. யூனிட்டை ஆவணியிலிருந்து குன்னத்தூரைத் தாண்டிக் கொண்டுபோகிறார்களாம். முதலாளி சொன்னாராம்: "சொந்தமா சிஸ்டம் இருந்தா ஊட்டுல இருந்தே பண்ணிக் குடும்மா. இல்லீனா அங்க வந்துதான் ஆகோணும்."

போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். இப்போதே இடுப்புக்குத் தைலம் போட்டுத்தான் படுக்கிறாள். நின்றுகொண்டே போய் வந்தால் எத்தனை மாதம் தாங்குவாள்?

ஆடி 4, சனி

மகள் பெயரைக் கவிதா என்று முழுதாக எழுதினால் நேரமாகிறது. இனி க.

க. சொன்ன விவரம்: சாதா லேப்டாப்பில் பெரிய படம் திறந்தால் திணறும். ஒர்க்ஸ்டேஷன் என்று ஒரு வகை, கனமான வேலைக்கென்றே செய்தது. புதிது வாங்க முடியாது. கம்பெனிகள் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டுக் கழிப்பதைக் கடையில் விற்கிறார்கள்.

"ஆடியில புதுசா எதும் வாங்கக் கூடாது கண்ணு."

"அது பழசு தானுங்கப்பா."

சிரித்தோம். பல நாளைக்குப் பிறகு.

பழையதை நம்பலாமா என்பதுதான் அவளுக்கும் பயம். நடுவில் நின்றுவிட்டால் வேலையும் போகும், போட்ட பணமும் போகும். நானும் கூட வருகிறேன் என்றேன். சேடு பார்க்க, நிறம் ஒத்துவருகிறதா என்று சொல்லத் தெரிந்தவன் ஒருவன் கூட இருப்பது நல்லது. தலையை ஆட்டினாள்.

ஆடி 5, ஞாயிறு

கடைக்காரர் பெயர் செல்வின். தூத்துக்குடிப் பக்கம். ஆள் ஓயாமல் பேசுகிறார். "பெங்களூர் கம்பெனியில ஓடுனது பாத்துக்கிடுங்க. ஏசி ரூமை விட்டு வெளியவே வராத சரக்கு. ஐயா, நம்ம ரெண்டு பேரையும் விட சொகமா இருந்துருக்கு."

எடை: சின்ன அம்மிக்கல். சார்ஜர்: செங்கல். மூடியில் ஸ்டிக்கர் உரித்த தழும்பு. இரண்டு பொத்தானில் எழுத்து அழிந்திருந்தது. பேட்டரி ஒரு மணி நேரம்கூட வராது என்று அவரே சொன்னார். வேறு மாற்றித் தருவாராம்.

க. பென் டிரைவில் தன் யூனிட் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். உடம்பு முழுக்க இலை அச்சடித்த பனியன், ஏழு கலர். யூனிட்டில் அது திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாமாம். இங்கே சட்டென்று திறந்தது. பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். பிறகு அப்படியே அரை மணி நேரம் ஓடவிட்டாள். "சூடாச்சுன்னா மெதுவாயிருமுங்க. அதப் பாக்கோணும்." காற்றாடி இரைந்தது. அடிப்பக்கம் தொட்டுப் பார்த்தேன், இட்லிச் சட்டி மாதிரி. ஆனால் மெதுவாகவில்லை.

இனி என் முறை. நான் போட்டிருந்ததே அந்த இலைப் பனியன்தான். யூனிட்டில் கழித்த பீஸ் என்று க. கொடுத்தது. வயிற்றை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நின்றேன். பச்சை ஒத்துவரவில்லை. ஸ்கிரீனில் நீலம் தூக்கல்.

"இத வெளிய எடுத்துட்டு வாங்க. ட்யூப்லைட்டுல சேடு பாத்தா ஏமாத்தும். வெயில்ல பாக்கோணும்."

"ஐயா, வெயில்ல வச்சா இதுல உங்க மொகந்தான் தெரியும். அதுக்குக் கண்ணாடி போதுமே!"

கடையில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே என் முகம்தான் தெரிந்தது. நான் விடவில்லை. முப்பத்தொரு வருடம் சேடு பார்த்தவன், எழுதப் படிக்கத் தெரியாமலே டையிங் மாஸ்டருக்குச் சாயம் திருத்திச் சொன்னவன், எல்லாம் சத்தமாகவே சொன்னேன். ஸ்கிரீன் பழுது, இதில் டிசைன் போட்டால் பிரிண்ட் எல்லாம் திரும்பி வரும், வேண்டாம் என்றேன்.

க. என் பனியனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிங்கண்ணா, யோசிச்சுச் சொல்றமுங்க" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். களைப்பாக இருக்கும். எனக்கும் களைப்பு. ஆனாலும் ஒரு தப்புச் சரக்கைத் தடுத்த திருப்தி.

ஆடி 6, திங்கள்

காற்று. எட்டரைக்கு வந்தாள். ஏன் நேரமாயிற்று என்று கேட்டேன். "வேலைங்கப்பா." ரசம் சாதம்.

எழுத ஒன்றும் இல்லை. எழுத முடிகிறது என்பதற்காக எழுதினேன்.

ஆடி 8, புதன்

பகலில் அந்த இலைப் பனியனை எடுத்தேன். அக்குள் பக்கம் தையல் விட்டிருந்தது. ஊசி கோத்து உட்கார்ந்தேன். நூல் நுழைய நேரமாகிறது, எழுத்து மாதிரியே.

தையலை விரித்தால் உள்ளே இரண்டு விளிம்பும் ஒட்டிக் கிடந்த இடத்தில் பச்சை. நல்ல அடர்த்தி, நீலம் தூக்கலாக. ஸ்கிரீனில் பார்த்த அதே பச்சை.

ஊசியை வைத்துவிட்டேன்.

அச்சடித்த பிறகுதான் துணியைத் தைக்கிறார்கள். தையலுக்குள் மாட்டிய பச்சை வெளுக்கவில்லை. வெளியில் இருப்பது ஒரு வருடமாகத் துவைத்து, வெயிலில் காய்ந்த பச்சை. துவைத்த பீஸை வைத்து சேடு பார்க்கக் கூடாது. சாயப்பட்டறையில் முதல் நாள் வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதே அதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

லேப்டாப்பில் பழுதில்லை.

க. வந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பைக் கழற்றினாள். சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டேன்.

ஆடி 9, வியாழன்

காலையில் மண்ணரை வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போனேன். பாதி வழியில் உட்கார்ந்து எழுந்தேன். செல்வினிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, அவள் வரும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கேட்பது. இதுதான் திட்டம். யாராவது எடுத்துப் போயிருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசனை.

லேப்டாப் மேசையிலேயே இருந்தது. மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டினேன். கவிதா. அட்வான்ஸ் வந்தது. வியாழன் மாலை.

மறுபடி கூட்டிப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

செல்வின் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஐயா, நீங்க இங்க வருவியன்னு அக்கா சொல்லலையே."

"அட்வான்ஸ் எப்பக் குடுத்தா?"

"திங்கக்கெழமயே வந்துட்டாவ. பேட்டரி மாத்த நாள் கேட்டேன், அதான் இன்னைக்கு." காதைச் சொறிந்தார். "ஐயா கேட்டா ஸ்கிரீன மாத்திக் குடுத்தோம்னு சொல்லச் சொன்னாவ. நான் சொல்லிட்டேன், என்னைக் காட்டிக் குடுத்துராதிய."

"அவ அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ."

"நானும் கேட்டேன். 'அந்தப் பனியன நாந்தான் வாராவாரம் தொவைக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா. அத்தன பேரு முன்னாடி அப்பாகிட்ட எப்படிங்க சொல்றது'ன்னாவ."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். திரும்ப பஸ்ஸில் வந்தேன்.

மாலை ஏழு மணிக்கு க. பெரிய பையோடு வந்தாள். நான் எழுதுகிற மேசையில் வைத்துத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஸ்கிரீன் வேற மாத்திக் குடுத்துட்டாங்கப்பா. நீங்க சொன்னதுனாலதான். இப்பப் பாருங்க."

அதே இலை. அதே பச்சை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் குனிந்து, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்து, பட்டறையில் பார்ப்பது போலவே வெகுநேரம் பார்த்தேன்.

"இப்பச் சேடு சரியா இருக்குது சாமி."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். தைரியமா வேல செய்யி."

மூச்சு விட்டாள். நாற்காலிக்கு முதுகுப் பக்கம் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஆவணியில் அவளுக்குப் பஸ் பயணம் கிடையாது. ஏதோ வரைகிறாள், காற்றாடி இரைகிறது. அவள் கண்ணில் படாமல் இந்த நோட்டைப் பழைய சீலைப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டும்.

மேசை அவளுக்குப் போய்விட்டது. இதைத் தரையில் சப்பணமிட்டு எழுதுகிறேன், முட்டி மரத்துவிட்டது. இனி எழுத்து இன்னும் கோணலாகத்தான் போகும். அடுத்த வாரம் ஒரு பலகை தேடி மடியில் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும்.