மூளியின் வயிறு

நாள் 301, காலை 6:40. ஆட்டுக் கொட்டில்

எழுதுவது கால்நடை மருத்துவர் பேச்சித்தாய். செவ்வாய்க் கோள், மூன்றாம் குடியிருப்பு. வெப்பம் சரி. காற்று சரி. கொழுக்கட்டைப் புல் இடுப்பு உயரம். குட்டிகள் பதினெட்டும் பால்பொடி குடித்தன, பதினெட்டும் தண்ணீராகக் கழிந்தன. நாலு மாதம் ஆகியும் புட்டியைத்தான் முட்டுகின்றன. போன வாரம் புல்லைத் தின்ற வேறு இரண்டு, வயிறு உப்பிச் செத்தன.

பால்பொடி மூன்று வாரத்தில் தீரும். முப்பது பேருக்கு, அதில் ஆறு குழந்தைகள், கிடங்கில் எட்டு மாதச் சாப்பாடு. அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம். இடையில் எங்களைக் காப்பாற்ற வேண்டியவை இந்த ஆடுகள்தான். புல்லை நாங்கள் தின்ன முடியாதே.

நாள் 302, பகல் 1:15

நிர்வாகி வேதமாணிக்கத்துக்கு நான்காவது முறையாகப் பாடம் எடுத்தேன். புல்லைச் செரிப்பது ஆடு இல்லை, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். குட்டி வயிற்றில் இருப்பது பாலுக்கான கூட்டம். வயது ஏற ஏற அது ஒதுங்கி, புல்லுக்கான கூட்டம் குடியேற வேண்டும். தாய் நக்கும்போது, பெரிய ஆடுகளோடு ஒரே தொட்டியில் வாய் வைக்கும்போது அது வந்து சேரும். இவை இயந்திரக் கருப்பையில் பிறந்தவை. நக்க யாரும் இல்லை. பூமியிலிருந்து கொண்டுவந்த சீசாக்களில் பாலுக்கான கூட்டம் மட்டும்தான் பிழைத்தது. குட்டிகளுக்கு வயது ஏறுகிறது, வயிற்றுக்கு ஏறவில்லை.

பூமியில் மேய்ந்து உயிரோடு வந்தது மூளி ஒருத்திதான். ஒரு காது அறுந்த கிழட்டு ஆடு. அவளைக் குட்டிகளோடு விடச் சொன்னேன். பாலும் இல்லை, குட்டியும் இல்லை, கிருமி மட்டும்தான் மிச்சம் என்றார். இந்த மனிதருக்குச் சுத்தம் ஒரு வியாதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் 303, காலை 9:00

கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூளி அசைபோடும்போது வாய்க்குள் கைவிட்டு இரையைப் பிடுங்கினேன். வெள்ளைக்கால் குட்டியின் தொண்டையில் திணித்தேன். மூளி விரலைக் கடித்துவிட்டது, சனியன். இதற்கு ஒத்துக்கொண்டால் மற்றவற்றுக்கும் கொடுப்பேன்.

நாள் 311, மாலை 5:30

வெள்ளைக்கால் புல் தின்றது. உப்பவில்லை. படுத்து அசைபோட்டது. சற்றுமுன் கறுப்பாக, உருண்டையாகப் புழுக்கை போட்டது. இந்த மண்ணில் பிறந்த ஆட்டின் முதல் புழுக்கை. கையில் வைத்துக்கொண்டு அழுதேன். நாளைக்கு மற்ற பதினேழுக்கும்.

நாள் 312, காலை 7:10. தனிமை அறை

கேமராப் பதிவைப் பார்த்துவிட்டார்கள். என்னைப் பூட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் வேதமாணிக்கம்:

"மத்த குட்டியெல்லாம் எப்பவும் போல தண்ணியா போடுது டாக்டர். நீங்க எச்சி ஊட்டுனது மட்டும் கறுப்பா, கட்டி கட்டியா போடுது. என்ன நோயை ஒட்டவச்சீங்க?"

ஆட்டுப் புழுக்கையைப் பார்த்தே இராத ஆள் ஆட்டுக்கு நிர்வாகி. தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். வெள்ளைக்காலை எரியுலைக்குத் தூக்கிப் போனதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். மூளி இருக்கிறாள். அவள் இருக்கும்வரை மறுபடி தொடங்கலாம்.

நாள் 315, பகல் 12:50

இன்றைக்கு எல்லோருக்கும் விருந்தாம். கதவின் சிறு திறப்பு வழியே தட்டு வந்தது. சோறு, குடல் குழம்பு. மூன்று நாளாகக் கஞ்சி குடித்த வயிறு. ஏதோ கடாக்குட்டியை அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றேன். கடைசித் துண்டு பல்லில் மாட்டி இழுத்தது. நாலு மாதக் குட்டியின் குடல் இப்படி இழுக்காது.

ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, இது எந்த ஆடு என்று கேட்டேன். இந்த முறை பதில் வந்தது.

"கிழடுதான டாக்டர், எப்படியும் கழிக்க வேண்டியது. பயப்படாம சாப்பிடுங்க. வெந்நீர் ஊத்தி, மஞ்சள் போட்டு, அஞ்சு தடவை கழுவியாச்சு. ஒரு அழுக்கு இல்ல."

கழுவின தண்ணீர் எங்கே என்று கேட்டேன். கிருமிநாசினி கலந்துதான் கொட்டினோம் என்றார். பெருமையாகச் சொன்னார்.

நாள் 323, காலை 8:20

பால்பொடி தீர்ந்து, குட்டிகளைப் புல்லில் விட்டிருக்கிறார்கள். பசி, தின்றுவிட்டன. வயிறு உப்பி ஒவ்வொன்றாகச் சாய்கின்றன.

"கதவைத் தொறந்தாச்சு டாக்டர். வெளிய வாங்க. என்ன மருந்துன்னாலும் சொல்லுங்க, செஞ்சு தர்றோம்."

"மருந்து உங்க கையிலதான் இருந்துச்சு. மஞ்சள் போட்டுக் கழுவுனீங்க."

நானும் தின்றேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

நாள் 548. நேரம் பார்க்கவில்லை

கிடங்கு காலி. வேதமாணிக்கம் இப்போது எதையும் கழுவுவதில்லை.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு: புல் நன்றாக வளர்கிறது. கொட்டில் வாசலை மூடிவிட்டது. குழந்தைகள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னது ஒன்று பிடுங்கி வாயில் போட்டு மெல்லுகிறது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மென்றுகொண்டே