கம்பத்தில் ஏறிய மேசைத்துணி

போன சனிக்கிழமை என் மருமகள் செலின் கற்பூரமரப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளை மேசைத்துணியை வெளியே எடுத்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். கற்பூர நெடிக்கு அடியிலிருந்து ஈரப் பாசியின் வாசனை எழுந்து வந்தது. முப்பது வருடம் ஆகப்போகிறது. எத்தனை தடவை நீலம் போட்டு வெளுத்து, கஞ்சி போட்டுத் தேய்த்திருப்பேன், அந்த வாசனை போகவில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள் செலின். உனக்குத் தெரிந்திருக்கும்.

"அத்தை, இதை மலைக்கு எடுத்துட்டுப் போகவா? பங்களாவுல மேசை ரொம்பப் பெரிசாம்" என்றாள். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இந்த ஒரு மூலை மட்டும் கோணலா தைச்சிருக்கு பாருங்க. பிரிச்சுத் தைச்சுடவா?" என்றாள்.

"அதைத் தொடாதே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. கான்வென்டில் பத்து வருடம் ஒரே பெஞ்சு. நான் கல்யாணமாகிப் போன பிறகும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. எழுத என்ன அவசியம் இருந்தது? அந்த மேசைத்துணியைக் கூடத் தையல் வகுப்பில் சேர்ந்துதானே தைத்தோம். ஒரு பாதி நீ, ஒரு பாதி நான். உன் பாதியை நான் பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஒரு மூலைக்கு மட்டும் நேரமில்லாமல் போய்விட்டது. கன்னியாஸ்திரீகள் அதை என் கல்யாணத்துக்குக் கொடுத்தபோது, "என் மூலையைப் பத்திரமா வச்சுக்க, மதர்" என்றாய். ஊரில் எல்லோருக்கும் நான் தலைமைக் குமாஸ்தாவின் மனைவி. உனக்கு மட்டும் நான் மடத்துத் தலைவி.

செலினும் என் மகனும் போகிற விதம் வேறு. ரயிலில் ஏறி உட்கார்ந்தால் அரை மணியில் உச்சி. மேலே டெலிபோன் இருக்கிறது. ஒரு வாரம் காட்டில் காற்று வாங்கிவிட்டு வருகிறார்கள். நாம் போனபோது பினாங்கு மலைக்கு ரயில் என்ற பேச்சே இல்லை. நாற்காலியைக் கழிகளில் கட்டி நாலு பேர் தோளில் தூக்கினார்கள். வளைவுக்கு வளைவு நீ இறங்கிக்கொண்டு, "பாவம்லா, மூச்சு வாங்குறாங்க" என்று அவர்களோடு நடந்தாய். நான் இறங்கவில்லை. டோலிக்குப் பேசியாகிவிட்டது, உட்கார்ந்து போவதுதான் முறை என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாரம் கிடைத்ததே எனக்குப் பெரிய காரியம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியின் துரை சீமைக்கு விடுமுறையில் போனபோது, மலையில் இருந்த தன் இடத்தில் ஏழு நாள் தங்கிக்கொள்ளச் சொன்னார். நம்மவர்களில் யாருக்கும் அவர் அதுவரை கொடுத்ததில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நான் மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேர் போதும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு ஆபீசை விட்டு வர முடியவில்லை. நீ சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கு விடுமுறை. அதனால் நீ வந்தாய்.

துரையின் பெரிய வீடு பூட்டியிருந்தது. நமக்குக் கிடைத்தது அதற்குக் கீழே, காட்டுக்குள், தண்ணீர்க்கரையில் இருந்த ஒற்றை அறை மரவீடு. அதன் முன்னால் பலகைத் தளம் போட்டு ஒரு கூடாரம். உள்ளே பித்தளைக் குமிழ் வைத்த இரும்புக் கட்டில், கொசுவலை, கம்பளம், பூப்போட்ட பீங்கான் கூஜா. வெள்ளைக்காரர்களுக்குக் காட்டில் இருக்கவும் வேண்டும், காடு தங்கள் மேல் படவும் கூடாது.

"துரை வீட்டைக் குடுக்கல மதர், குதிரை லாயத்தைக் குடுத்திருக்கார்" என்றாய்.

"துரைசானி இதை ஏரின்னு சொல்லுவாங்களாம்" என்றேன், தண்ணீரைக் காட்டி.

"ஏரியா? ஒரு எருமை இறங்கினா தண்ணி பூரா வெளிய வந்துடும்."

காவல்காரர் வீராசாமி அங்கேயே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது.

அவர்தான் அந்தக் கம்பத்தை நமக்குக் காட்டினார். மரவீட்டிலிருந்து இருபது அடி தள்ளிப் பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நின்றால் ஊரும் கடலும் தெரியும். பாறை மேல் கொடிக்கம்பம். "சிவப்புத் துணி ஏத்துனா ரொட்டி, கறி, சாமான் அனுப்புவாங்க. வெள்ளை ஏத்துனா டோலி வரும். காலையில எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அடிவாரத்துல ஒரு ஆளு தூரக்கண்ணாடி வச்சுப் பாப்பான்மா. மத்த நேரத்துல கத்தினாலும் யாருக்கும் கேக்காது." துணிகள் ஒரு பெட்டியில் இருந்தன. சாவி அவர் இடுப்பில்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு நான் மேசைத்துணியை விரித்தேன். காட்டுக்குள் இருக்கிறோம் என்பதற்காக வெறும் பலகையில் சாப்பிட என்னால் முடியாது. "இதைத் தூக்கிக் கம்பத்துல கட்டினா பினாங்குல இருக்கிற அத்தனை டோலியும் வந்துடும்" என்று நீ சொன்னாய். நான் முறைத்தேன். இந்த வேடிக்கையை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். பழியை உன் மேல் போடவில்லை. நீ அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், நான்காம் நாள் காலை அதைக் கம்பத்தில் பார்த்தபோது நான் வேறுவிதமாக யோசித்திருப்பேனோ என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மழையில் நனைந்தாய். ஈரப் பாவாடையோடு கரையில் உட்கார்ந்து நாலு நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் இருமினாய். மாற்றிக்கொள், கம்பளி போர்த்திக்கொள் என்று நான் சொல்லாமல் இல்லை. "குளிருக்கு இருமல் வராம, பின்னே பாட்டா வரும்?" என்றாய்.

நான்காம் நாள் நான் செபமாலை முடித்து வெளியே வந்தேன். எட்டுக்கு இன்னும் ஐந்து நிமிடம். வானம் கழுவிவிட்டது போல இருந்தது, ஊர்க் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கம்பத்தின் உச்சியில் என் மேசைத்துணி அடித்துக்கொண்டிருந்தது. அடியில் நீ, சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பாறையில் சாய்ந்திருந்தாய்.

"இறக்கு அதை."

"எட்டு அடிக்கட்டும், மதர்."

"விளையாட்டுக்கு டோலிக்காரங்களை வரவழைச்சு, ஆபீசுல அவர் பேரைக் கெடுக்கணுமா?"

"குளிருதுடி. கீழே போயிடலாமே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நீ எதைத்தான் சிரிக்காமல் சொல்லியிருக்கிறாய்?

"ஏழு நாள் குடுத்த இடத்துல நாலே நாள்ல ஓடி வந்துட்டாங்கன்னு கோயில் வாசல்ல பேசணும், அப்படித்தானே?"

நானே கயிற்றை அவிழ்த்து இறக்கினேன். அவ்வளவு பெரிய துணியை ஒருத்தி மடிக்க முடியாது. "அந்த முனையைப் பிடி" என்றேன். நீ எழுந்து வந்து பிடித்தாய். மடத்தில் பழகியபடி இழுத்து உதறி, மூலைக்கு மூலை சேர்த்து, இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்தோம். உன் முனையை என் கையில் கொடுத்தபோது உன் விரல்கள் என் விரல்களில் பட்டன. சுட்டன. வெயிலில் நின்றிருந்தாய், அதனால் என்று நினைத்தேன். மலையில் காலை எட்டு மணிக்கு என்ன வெயில்?

ஒன்பது மணிக்குப் பனிமேகம் இறங்கியது. முதலில் கடல் போனது, பிறகு ஊர், பிறகு தண்ணீரின் அக்கரை. உன் படுக்கையைச் சரிசெய்யக் கூடாரத்துக்குள் போனேன். விரிப்பு பிழியலாம் போல வியர்வையில் ஊறியிருந்தது. நீ மேசைத்துணியை எடுத்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீராசாமி பாலுக்குப் போயிருந்தார், பெட்டிச் சாவி அவரிடம். உன் விரிப்பு அந்த நிலையில், என் விரிப்பு நான் செபம் சொல்லிக்கொண்டிருந்த அறைக்குள். கைக்கு எட்டிய ஒரே வெள்ளைத் துணி அதுதான்.

நாலு மணிக்கு நானும் வீராசாமியும் கம்பத்தில் பெட்டியிலிருந்த வெள்ளைத் துணியை ஏற்றினோம். பிறகு என் விரிப்பை. பிறகு மேசைத்துணியை. என் உள்பாவாடையைக் கூடக் கட்டினேன், ஒரு ஆண்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே. வீராசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, பத்தடி தள்ளி நின்னா எனக்கே கம்பம் தெரியல." அவர் நடந்தே இறங்கிப் போனார். பாதியில் ஓடை பாதையின் மேல் ஓடியது. இருட்டுவதற்குள் இடுப்புவரை சேற்றோடு திரும்பி வந்தார். மறுநாள் விடிந்ததும் மறுபடி போனார். நான் ஒழுங்குக்காரி. எந்த வேலையையும் நேரத்துக்கு முடிப்பவள். அந்த ஒரு நாள் முழுவதும் எனக்குச் செய்ய எதுவுமே இல்லை. வெந்நீர் போட்டேன், துணி நனைத்து நெற்றியில் வைத்தேன், காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். கூடாரத்தின் மேல் மழை விழுந்துகொண்டே இருந்தது. பித்தளைக் குமிழ்களைக் கூட ஒரு தடவை துடைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நீ கண் திறந்தபோது கேட்டேன்: "நேத்து நெசமாத்தான் கட்டினியா? உடம்பு முடியலைன்னுதானா?"

"மேசைத்துணியை நல்லா மடிச்சு வச்சியா?" என்றாய். மூச்சு வாங்கியது. "என் மூலை வெளிய தெரியாம?"

அதற்கு மேல் ஒன்றும் கேட்க நீ விடவில்லை.

ஆறாம் நாள் காலை டோலி வந்தது. இந்தத் தடவை நான் ஏறவில்லை, உன் பக்கத்தில் கழியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி மலையில் ஆட்கள் தோள் மாற்ற டோலியை இறக்கினார்கள். திரும்பத் தூக்கும்போது முன்னால் இருந்தவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றினார். சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசச் சுவாமியார் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தை உன் காதில் நான் சொன்னேன். நடுவில் ஒரு வரி மறந்துபோனது. எட்டு வயதிலிருந்து சொல்லிவந்த மந்திரம்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "உன் கையில என்ன இருந்துச்சு, சொல்லு" என்று என் வீட்டுக்காரர் தேற்றினார். என் கையில் மேசைத்துணி இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லாமலே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவை சொன்னேன். கம்பத்திலிருந்து துணியை இறக்கியது பத்துக் கட்டளைகளில் எதற்கு விரோதம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவாமியாருக்கும் தெரியவில்லை போலும். மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். அதோடு முடிந்தது என்றார்.

மேசைத்துணியைச் செலினிடம் கொடுத்துவிட்டேன். என்ன காரணம் சொல்லி மறுப்பது? திங்கட்கிழமை ரயிலேறினார்கள். "ஏதாவதுன்னா மருந்துக்கடைக்கு டெலிபோன் பண்றோம் அத்தை, நீங்க ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள். "உடம்புக்கு ஏதாவதுன்னா சிரிக்காம சொல்லு" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

இன்று காலை எட்டுக்கு மாடி ஜன்னலில் நின்றேன். மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள். எப்போதும் இந்த நேரத்தில் இங்கே வந்து நிற்பேன், இருபத்தைந்து முப்பது வருடப் பழக்கம். அப்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து சீனத்தி ஒருத்தி மூங்கில் கழியைத் தெருப்பக்கம் நீட்டினாள். அதில் ஒரே ஒரு வெள்ளை விரிப்பு. வேறு எந்தத் துணியும் இல்லை. இந்தத் தெருவில் தினமும் நூறு துணி தொங்குகிறது. ஆனாலும் ஒற்றை வெள்ளையைப் பார்த்தால் எனக்குக் கால் நிற்பதில்லை.

படியிறங்கி, சால்வைகூட எடுக்காமல், ரிக்‌ஷாக்களுக்கு நடுவே தெருவைக் கடந்தேன். கீழே நின்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஏதாவது வேண்டுமா என்று. அவள் எட்டிப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காயப்போட்டிருக்கேன்லா, பாட்டி" என்று மலாயிலேயே சொல்லிச் சிரித்தாள். உள்ளே யாரிடமோ ஏதோ சொன்னாள், அங்கேயும் சிரிப்பு.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால் நான் உடனே திரும்பிவிடவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.