எபின் ஜன்னலைப் பார்த்த படம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உன்னோடு சண்டை போட எனக்கு வாய் வராது. ஷாஜி அண்ணன் நாளை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நான் அனுப்பிய உன் மகன் எபின் படத்தை நீ ஸ்டேட்டஸில் போட்டிருந்தாய். யார் முகம் அக்கா அது? மாவு பூசியது போல வெளுப்பாக்கியிருக்கிறாய். அவன் கட்டிலிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பைக்கூட நெற்றியிலிருந்து அழித்துவிட்டாய்.

அதை எடுக்க ஒரு காலை முழுவதும் ஆனது. டியூப் லைட்டை அணைத்தேன். ஜன்னல் வெயில் முகத்தில் சுள்ளென்று விழாமலிருக்க அப்பாவின் வேட்டியைக் குறுக்கே கட்டினேன். இருண்டிருந்த கன்னத்துக்கு எதிரே வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டேன். அவன் நிறம் அப்படியே வந்தது. நம் எல்லாருடைய நிறமும் அதுதானே? உனக்கு என்ன வெட்கம்?

நீ மாற்றிய படத்தை அவனிடம் காட்டினேன்.

"இது ஆராக்கும் சித்தி?" என்று கேட்டான்.

இவனைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்தியபோதுகூட எனக்கு உன்மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை.

கண் என்ன அழகு என்று எல்லாரும் உனக்கு எழுதியதாகப் போனில் சொன்னாய். "எலே மக்கா, அங்க பாரு, அம்மா பஸ்ஸுல வந்து எறங்கியாச்சு" என்று நான் பொய் சொன்னேன். அப்போது வந்த கண் அது. படம் எடுத்து முடிந்தும் அவன் ஜன்னல் கம்பியை விடவில்லை. சோறுண்ணக் கூப்பிட்டால், "அம்மா வரட்டு" என்றான்.

இனி அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். அதே கண்ணோடு இன்னொரு படம் வேண்டுமென்றால், நீயே வந்து ஜன்னலுக்கு வெளியே நில்.

உன் தங்கச்சி