கடைக் கதவில் பதினொரு பெயர்

1934 ஆவணி, வியாழன் இரவு.

படுத்தும் கண் மூடவில்லை. இன்று கடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கொழும்புப் பத்திரிகை வந்ததும் தபால்கந்தோர் செல்லையாவுடன் வழக்கமான வாக்குவாதம். போன முறை அவுஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடரை வென்று கொடுத்த வேகப் பந்துக்காரனை இங்கிலாந்து இந்த முறை சேர்க்கவேயில்லை. "உடம்பைக் குறிபார்த்துப் போடச் சொன்னது கப்டன், பழி மட்டும் இவனுக்கா? ஆள் தெரிவு செஞ்சவனுகள் பயந்தாங்கொள்ளிகள்!" என்று மேசையில் அடித்தேன்.

மீன்பிடிக்கிற வேலாயுதம் வலைநூல் வாங்க நின்றிருந்தான். எங்கள் கிரிக்கெட் கழகத்தில் அவனைப்போல வேகமாகப் போட ஆளில்லை. போன மாதம் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் அணியுடன் ஆடியபோது, அங்குள்ள வெள்ளைக்காரத் துரையின் நெஞ்சுக்கு நேரே போடச் சொன்ன கப்டன் நான். துரைக்கு விலா வீங்கிவிட்டது. கச்சேரிக்கு மண்ணெண்ணெய் கொடுப்பவனும் நான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான் எழுதிக் கதவில் ஒட்டிய பட்டியலில் வேலாயுதம் இல்லை.

"அந்த வெள்ளைக்காரனும் வலை வீசப் போயிட்டானோ, முதலாளி?" என்றான்.

செல்லையா சிரித்தான். "இங்க வந்தா உன்ட தோணியில ஏத்து மனே."

நான் நூலை அளந்தேன். ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்தேன். அவன் அந்த முழத்தை அறுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

பட்டியலில் பதினோராவது பெயர் என்னுடையது. எனக்குப் பந்தும் வராது, மட்டையும் வராது. துரை கேட்டால் என்ன சொல்வது?

விடிந்ததும், கடை திறக்கும் முன்பே என் பெயரை அடித்து வேலாயுதத்தின் பெயரை எழுதிவிட வேண்டும். திறந்தபின் எனக்குத் துணிவு வராது.